பல்லும் வயதும்: வாசகர் கேள்விகளுக்குப் பல் மருத்துவரின் பதில்கள்

பற்களின் வகை, அவை முளைக்கும் வயது, முதுமையில் அவற்றுக்கு நேரும் மாற்றம் ஆகியவற்றைக் குறித்து இம்முறை நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாக்கி, வயது வரிசையில் பதில் எழுதியிருக்கிறேன்.

என் பேரனுக்குப் பதினோரு மாதம் ஆகிறது. ஒரு பல்கூட முளைக்கவில்லை. எதிர்வீட்டுக் குழந்தைக்கு ஐந்தாம் மாதமே இரண்டு பல் வந்துவிட்டது. இவனுக்குக் கால்சியம் குறைவாக இருக்குமோ? மேல் பல் முதலில் வந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்றும் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். (வாசகி, மன்னார்குடி)

கீழ்த்தாடையின் நடு வெட்டுப் பற்கள் இரண்டும் 6 முதல் 10 மாதத்துக்குள் தலைகாட்டுவது பொது வழக்கம் என்றாலும், சில மாதங்கள் முன்பின்னாக அமைவது இயல்பானதே. பெற்றோருக்குத் தாமதமாக முளைத்திருந்தால் பிள்ளைக்கும் தாமதமாவதை அடிக்கடி காண்கிறோம். ஒன்றரை வயதாகியும் ஒரு பல்லும் தெரியவில்லை என்றால் அவசியம் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கால்சியம் மருந்து கொடுப்பதால் பல் விரைந்து வெளிவந்துவிடாது. பாற்பல்லின் கரு தாயின் வயிற்றில் ஆறாம் வாரத்திலேயே அரும்பி, நான்காம் மாதவாக்கில் கடினமாகத் தொடங்கிவிடுகிறது. குழந்தை பிறக்கும்போது 20 பாற்பற்களும் வெவ்வேறு நிலைகளில் தாடைக்குள் வளர்ந்துகொண்டிருக்கின்றன. பிறப்பின்போது உடலுக்கு நேரும் மாற்றம்கூட, பல்லின் கடினமான மேலுறையான எனாமலில் ஒரு மெல்லிய கோடாகப் பதிந்திருப்பதை நுண்ணோக்கியில் பார்க்க முடியும். பல் முளைத்தது என்று நாம் கொண்டாடுவது, உள்ளே எப்போதோ உருவாகிவிட்ட ஒன்று ஈறைத் தாண்டி வெளியே வரும் நாளைத்தான்.

பல் எந்த மாதத்தில் வருகிறது என்பதைவிட எந்த வரிசையில் வருகிறது என்பதைக் கவனிப்பது பயன் தரும். நான்கு மேல், நான்கு கீழ் என வெட்டுப் பற்கள் வந்தபின், கோரைப் பல்லுக்கு இடம்விட்டு முதல் கடைவாய்ப் பாற்பல் 13 முதல் 19 மாதத்தில் வரும். அந்த இடைவெளியில் கோரைப் பல் 16 முதல் 23 மாதத்தில் வந்து சேரும். கடைசிக் கடைவாய்ப் பல்லும் வந்து இரண்டரை, மூன்று வயதுக்குள் வரிசை நிறைவுறும். மேல் பல் சில குழந்தைகளுக்கு முந்திக்கொள்வது உண்டு. அதற்குத் தனிப் பொருள் எதுவுமில்லை. தாய்மாமன் நிம்மதியாகக் காதுகுத்துக்குச் சீர் கொண்டு வரட்டும்.

பல் முளைக்கும்போது காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வருவது சகஜம்தானே? (வாசகர், அறந்தாங்கி)

இல்லை. எச்சில் வடிதல், ஈறு லேசாக வீங்கிச் சிவத்தல், கையில் கிடைத்ததைக் கடித்தல், சிணுங்கல் ஆகியவற்றோடு பல் முளைப்பதன் தொந்தரவு முடிந்துவிடும். தாயிடமிருந்து பெற்ற நோய் எதிர்ப்புத் திறன் குறைந்து, குழந்தை தவழ்ந்து கண்டதையும் வாயில் வைக்கும் பருவமும் பல் முளைக்கும் பருவமும் ஒன்றாக அமைந்துவிடுவதால், தொற்றுநோயின் பழி பல்லின்மேல் விழுகிறது. கடுமையான காய்ச்சலையும் தொடர் வயிற்றுப்போக்கையும் ‘பல்லுக்காகத்தான்’ என்று விட்டுவைத்தால் குழந்தையின் உடலில் நீர்ச்சத்து வற்றிவிடும்.

குழந்தைக்கு 20 பல், பெரியவர்களுக்கு 32 என்று பாடத்தில் படித்த என் மகன், மீதி 12 பல் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறான். (வாசகி, கோவில்பட்டி)

கேட்க வேண்டிய கேள்வி. வாயை மேல் வலம், மேல் இடம், கீழ் வலம், கீழ் இடம் என்று நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு ஒவ்வொரு கால் பகுதியிலும் இரண்டு வெட்டுப் பற்கள், ஒரு கோரைப் பல், இரண்டு கடைவாய்ப் பற்கள் என ஐந்து இருக்கும். பெரியவர்களுக்கு அதே பகுதியில் இரண்டு வெட்டுப் பற்கள், ஒரு கோரைப் பல், இரண்டு முன்கடைவாய்ப் பற்கள், மூன்று பின்கடைவாய்ப் பற்கள் என எட்டு இருக்கும். பாற்பற்களில் முன்கடைவாய்ப் பல் என்ற வகையே கிடையாது என்பது பலர் கவனிக்காத செய்தி. கடைவாய்ப் பாற்பல் விழும் இடத்தில்தான் முன்கடைவாய்ப் பல் வருகிறது. பின்கடைவாய்ப் பற்கள் எந்தப் பாற்பல்லையும் தள்ளிவிட்டு வருவதில்லை. தாடை பின்புறமாக நீண்டு வளர வளர, 6, 12, ஏறத்தாழ 18 என்ற வயதுகளில் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்து சேர்கின்றன. ஒரு பகுதிக்கு மூன்று வீதம் நான்கு பகுதிக்கும் சேர்த்து உங்கள் மகன் கேட்ட 12 பற்கள் கணக்கில் வந்துவிடும்.

இந்த வகைகளை அவன் தன் நாக்காலேயே அறிந்துகொள்ளலாம். முன்பற்களின் விளிம்பு உளியைப் போலத் தட்டையாக இருக்கும்; கடித்துத் துண்டாக்குவது அவற்றின் வேலை. அடுத்துள்ள கோரைப் பல் ஒற்றைக் கூம்பாக முடியும். பற்களிலேயே மிக நீண்ட வேர் கோரைப் பல்லுக்குத்தான். முதுமையில் மற்றவை போனபின்னும் பலருக்கு அது தங்கி நிற்பதற்கு அந்த வேரும் ஒரு காரணம். முன்கடைவாய்ப் பல்லில் பெரும்பாலும் இரண்டு முகடுகளும், பின்கடைவாய்ப் பல்லில் நான்கைந்து முகடுகளும் அவற்றுக்கிடையே பள்ளங்களும் தட்டுப்படும். கீழ்ப் பின்கடைவாய்ப் பல்லுக்குப் பொதுவாக இரண்டு வேர், மேலே உள்ளதற்கு மூன்று வேர். கீழ்த்தாடை எலும்பு கெட்டியானது, மேல்தாடை எலும்பு சற்று மென்மையானது என்பதால் மேலுள்ள பல் வேர்களை அகலப் பரப்பி ஊன்றி நிற்கிறது.

என் மகளுக்கு ஏழு வயது. கீழே வலப்பக்கக் கடைசிப் பல்லில் சொத்தை. பாற்பல்தானே, விழுந்து முளைக்கும் என்று விட்டிருந்தோம். இப்போது மருத்துவர் சீட்டில் ‘46’ என்று எழுதி, அது நிரந்தரப் பல் என்கிறார். ஒரு பல்கூட அங்கே விழவில்லையே, எப்படி? (வாசகர், பெருந்துறை)

மருத்துவர் சொன்னது சரி. இந்தப் பல்லை ஏமாந்து தவறவிடும் பெற்றோர் மிகப் பலர்; இம்மாதக் கடிதங்களில் இதற்குத்தான் கூடுதலாக இடம் ஒதுக்குகிறேன்.

முதலில் அந்த எண்ணைப் படிப்போம். முதல் இலக்கம் வாயின் பகுதியைக் குறிக்கும்: நோயாளியின் மேல் வலம் 1, மேல் இடம் 2, கீழ் இடம் 3, கீழ் வலம் 4. பாற்பல்லானால் அதே வரிசையில் 5, 6, 7, 8 என்று எழுதுவோம். இரண்டாம் இலக்கம் நடுக்கோட்டிலிருந்து எண்ணினால் எத்தனையாவது பல் என்பது. ஆகவே 46 என்றால் கீழ் வலப்பக்கத்து ஆறாவது பல், அதாவது முதல் பின்கடைவாய்ப் பல். அதற்கு நேர்முன்னால் நிற்கும் 85 பாற்பல். அது 10 முதல் 12 வயதில் விழும். 46 விழாது, விழவும் கூடாது.

ஆறு, ஏழு வயதில் கடைசிப் பாற்பல்லுக்கும் பின்னால், எதையும் விழவைக்காமல், வலியோ இரத்தமோ இன்றி இப்பல் வந்து நிற்கிறது. முன்பல் ஆடி விழுந்தால் வீடே அறியும். சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவதுவரை சடங்கும் உண்டு. கடைவாயில் நான்கு நிரந்தரப் பற்கள் வந்திறங்கியது எவருக்கும் தெரிவதில்லை. இப்பல் கடினமாகத் தொடங்கியதோ உங்கள் மகள் பிறந்த வேளையில். மூன்று வயதுக்குள் அதன் மேற்பகுதி உள்ளேயே முழுமையடைந்து, மேலும் மூன்று ஆண்டு காத்திருந்து வெளிவருகிறது. வெளிவரும்போது ஈறின் ஒரு மடிப்பு பாதிப் பல்லை மூடியிருக்கும். முகடுகளுக்கிடையே பள்ளம் ஆழமாக இருக்கும். பிரஷ் அவ்வளவு பின்னால் எட்டாது. பிஸ்கட் மாவு அங்கே அப்பிக்கொள்ளும். முளைத்த ஓரிரு ஆண்டுக்குள்ளேயே இது சொத்தையாவதற்கு இவ்வளவு போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிரந்தரப் பல் வெளிவந்தபின் அதன் வேர் முழுதாக வளர்ந்து நுனி மூடிக்கொள்ள ஏறத்தாழ மூன்று ஆண்டு ஆகும். உங்கள் மகளின் 46-க்கு வேரின் நுனி இன்னும் திறந்தே இருக்கும். ஆதலால் சொத்தை, பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள மென்மையான பல்கூழை எட்டுமுன் சுத்தம் செய்து அடைத்துவிட்டால் வேர் தன் வளர்ச்சியை முடித்துக்கொள்ளும்; எட்டிவிட்டாலும், பெரியவர்களுக்குச் செய்வதுபோல நேரடியாக ரூட் கேனல் செய்யாமல், பல்கூழின் நல்ல பகுதியைக் காப்பாற்றிப் பார்ப்போம். மற்ற மூன்று பகுதிகளிலுள்ள 16, 26, 36 ஆகியவற்றின் பள்ளங்களைச் சீலன்ட் என்னும் பூச்சால் மூடச் சொல்லிக் கேளுங்கள்; வலியில்லாத, சில நிமிட வேலை. முன்னால் உள்ள 85-லும் சொத்தை இருந்தால் அதையும் அடையுங்கள். அது உரிய காலத்துக்கு முன்பே போனால், பின்னால் உள்ள 46 முன்னோக்கிச் சாய்ந்து, அடியில் காத்திருக்கும் முன்கடைவாய்ப் பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு கிளிப் போட்டு இடம் உண்டாக்குவது நீண்ட வேலை.

கீழ் முன்பல் விழாமலே அதற்குப் பின்னால் புதுப் பல் முளைத்து இரண்டு வரிசையாகிவிட்டது. (வாசகி, காரைக்குடி)

கீழ் முன்பற்களில் இது மிகச் சாதாரணம். புதிய பல்லின் கரு பாற்பல்லின் வேருக்கு உட்புறம் இருக்கிறது. அது மேலேறும்போது பாற்பல்லின் வேர் கரைந்து, பிடிப்பின்றி ஆடி விழ வேண்டும். வேர் ஒரு பக்கம் மட்டும் கரைந்தால் பழையதும் புதியதும் சேர்ந்து நிற்கும். பாற்பல் ஆடினால் பிள்ளை தானே ஆட்டி எடுத்துவிடட்டும். பிறகு நாக்கின் அழுத்தமே புதுப் பல்லை முன்னுக்குத் தள்ளிவிடும், இடம் போதுமானதாக இருந்தால். ஓரிரு மாதமாகியும் பாற்பல் அசையவில்லை என்றால் எடுத்துவிடுவது நல்லது.

எட்டு வயது மகனின் மேல் முன்பற்கள் முறம்போலப் பெரிதாகவும் மஞ்சளாகவும் விளிம்பில் அரம் வைத்ததுபோலவும் நடுவே சந்துடனும் வந்துள்ளன. பாற்பல் எவ்வளவு அழகாக இருந்தது! (வாசகி, திண்டுக்கல்)

நீங்கள் எழுதிய நான்கும் நிரந்தரப் பல்லின் இயல்புகளே. பல் முழு அளவில் உருவாகி வருகிறது, முகம் இன்னும் வளரவில்லை. ஆகவே பெரிதாகத் தெரிகிறது. பாற்பல்லின் வெண்மைக்குப் பக்கத்தில் எந்த நிரந்தரப் பல்லும் மஞ்சளாகத்தான் தோன்றும், ஏனெனில் அதன் எனாமல் வழியே அதன் அடியிலுள்ள டென்டின் என்னும் அடுக்கின் மஞ்சள் நிறம் கூடுதலாகத் தெரிகிறது. விளிம்பிலுள்ள மூன்று சிறு மொட்டுகள் கடிக்கக் கடிக்கத் தேய்ந்து நேராகிவிடும்.

நடுச் சந்துக்கு வேறு காரணம் உண்டு. இன்னும் எலும்புக்குள் இருக்கும் கோரைப் பற்கள், பக்கத்துப் பற்களின் வேர்களை நெருக்குவதால் முன்பற்கள் விசிறிபோல விரிந்து நிற்கின்றன. 11, 12 வயதில் கோரைப் பல் இறங்கும்போது பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சந்து தானாகவே மூடிக்கொள்ளும். அதுவரை ரப்பர் வளையம் மாட்டுவது போன்ற வீட்டு வைத்தியங்களில் இறங்காதீர்கள். வளையம் ஈறுக்குள் ஏறி நல்ல பல்லையே இழக்க நேர்ந்ததுண்டு. மேல் கோரைப் பல் இவ்வளவு தாமதமாக வருவதால், முன்கடைவாய்ப் பற்கள் இடத்தை அடைத்துவிட்ட வாயில் அது ஈறின் மேற்புறத்தில் துருத்திக்கொண்டு வரும். நம் ஊரில் சிங்கப்பல் என்று சொல்வது இதைத்தான்.

பள்ளியில் கபடி ஆடும்போது பல் வேரோடு விழுந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்? (ஆசிரியர், அரியலூர்)

நிரந்தரப் பல்லானால், வேரைத் தொடாமல் வெண்மையான மேற்பகுதியைப் பிடித்து எடுத்து, மண் இருந்தால் ஓடும் நீரில் சில நொடி மட்டும் அலசி, அதே குழியில் பொருத்தித் துணியைக் கடிக்கச் செய்து உடனே பல் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். பொருத்தத் தயக்கமாக இருந்தால் குளிர்ந்த பாலில் போட்டு எடுத்துச் செல்லலாம். சாதாரண நீரில் ஊறவைப்பதும் தாளில் சுற்றிக் காயவிடுவதும் வேரின்மேல் உயிரோடிருக்கும் செல்களைக் கொன்றுவிடும். அரை மணிக்குள் சேர்த்தால் பல் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். பாற்பல்லை ஒருபோதும் திரும்பப் பொருத்தக் கூடாது. அடியிலிருக்கும் புதிய பல்லின் கரு சேதமாகும்.

எங்கள் ஊரில் பலருக்கும் பல்லில் பழுப்புக் கறை. குடும்பத்தோடு இங்கே குடிவந்து இரண்டு ஆண்டு ஆகிறது, எங்களுக்கும் வந்துவிடுமா? தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதுமா? (வாசகர், தருமபுரி மாவட்டம்)

உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் பல்லில் வராது. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு வரலாம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிப் பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதியாகக் கலக்கிறது. எனாமல் உருவாகிக்கொண்டிருக்கும் ஆண்டுகளில் அந்நீரைத் தொடர்ந்து குடித்தால், எனாமலை உருவாக்கும் செல்களின் வேலை கெட்டுப் பல் வெண்திட்டுகளோடும், பின்னர் பழுப்பேறியும் வருகிறது. முன்பற்களின் மேற்பகுதி நான்கைந்து வயதுக்குள்ளும், மூன்றாம் பின்கடைவாய்ப் பல் தவிர மற்றவை எட்டு வயதுவாக்கிலும் உருவாகி முடிந்துவிடுவதால், அதற்குப்பின் அந்நீரைக் குடிப்பதால் புதிதாகக் கறை தோன்றுவதில்லை. எலும்பு வேறு கதை. அதைப் பெரியவர்களுக்கும் ஃப்ளோரைடு பாதிக்கும்.

காய்ச்சினால் நீர் ஆவியாகி ஃப்ளோரைடு இன்னும் செறிவாகும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பதே ஏற்கத்தக்க அளவு. வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி உண்டு. 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே காவிரி நீரைக் கொண்டுவருகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரைத் துவைக்கவும் கழுவவும் வைத்துக்கொண்டு, குடிக்கவும் சமைக்கவும் அந்தக் குழாய் நீரைப் பயன்படுத்துங்கள்.

பல்லைப் பார்த்து வயதைச் சொல்ல முடியும் என்று நீதிமன்றச் செய்திகளில் வருகிறதே? (வாசகர், மதுரை)

சிறுவர்களுக்கு நன்றாகவே சொல்ல முடியும். இங்கிலாந்தில் 1833-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பெரும்பாலான நெசவாலைகளில் வேலைக்கு வைக்கத் தடைவிதித்தபோது, பிறப்புச் சான்று இல்லாத பிள்ளைகளின் வயதை எப்படி அறிவது என்ற சிக்கல் எழுந்தது. உயரத்தைவிடப் பற்களே நம்பகமானவை என்று எட்வின் சாண்டர்ஸ் என்னும் பல் மருத்துவர் 1837-இல் எழுதினார். இன்று முளைத்த பல்லை மட்டும் எண்ணுவதில்லை. எக்ஸ்ரேயில் ஒவ்வொரு பல்லின் வேரும் எதுவரை வளர்ந்துள்ளது என்று பார்க்கிறோம். பதினான்கு, பதினைந்து வயதுக்குப் பிறகு வளர்ந்துகொண்டிருப்பது மூன்றாம் பின்கடைவாய்ப் பல்லான ஞானப்பல் ஒன்றே, அதன் வளர்ச்சியோ ஆளுக்கு ஆள் மாறும். வழக்குகளில் 18 வயதைக் கடந்தாரா இல்லையா என்ற இடத்தில்தான் கேள்வி எழுகிறது. துல்லியம் குறைவதும் அங்கேதான்.

எனக்கு 24 வயது. ஞானப்பல் பாதி முளைத்து அடிக்கடி வீங்குகிறது. எடுத்தால் கண் பார்வை பாதிக்கும் என்கிறார்கள். (வாசகி, நாகர்கோவில்)

கண் பார்வைக்கான நரம்பு வேறு, பல்லின் உணர்ச்சி நரம்பு வேறு. பல் எடுத்துப் பார்வை போகும் என்பது ஆதாரமற்ற அச்சம். ஞானப்பல் பொதுவாக 17 முதல் 25 வயதுக்குள் வரும். சிலருக்கு ஒன்றிரண்டு கருவிலேயே இருப்பதில்லை. தாடையில் இடம் போதாமல் சாய்ந்து பாதியில் நின்றால், மேலே கிடக்கும் ஈறு மடிப்புக்குள் உணவு புகுந்து அழுகி வீங்கும். உங்களுக்குத் திரும்பத் திரும்ப வருவதால், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, வீக்கம் தணிந்தபின் எடுத்துவிடுவதே என் பரிந்துரை. நேராக முளைத்துத் துலக்க முடிகிற ஞானப்பல்லை எடுக்க வேண்டியதில்லை.

எனக்கு 67 வயது. பற்கள் நீளமானதுபோலத் தெரிகின்றன, மஞ்சளாகிவிட்டன, கூச்சம் குறைந்திருக்கிறது. வயதானால் பல் விழத்தானே செய்யும்? (வாசகர், தாம்பரம்)

பல் நீளவில்லை, ஈறு இறங்கியிருக்கிறது. எனாமலை உருவாக்கிய செல்கள் பல் வெளிவரும்போதே அழிந்துவிடுவதால் தேய்ந்த எனாமல் மீண்டும் வளராது. உட்புற டென்டினோ வாழ்நாள் முழுதும் சிறிது சிறிதாகப் படிந்து, பல்கூழ் இருக்கும் அறையைக் குறுக்கிக்கொண்டே வருகிறது. எனாமல் மெலிந்து டென்டின் தடிப்பதால் மஞ்சள். பல்கூழ் சுருங்குவதால் கூச்சக் குறைவு. இதில் ஓர் ஆபத்து உண்டு: இருபது வயதில் உறங்கவிடாமல் வலிக்கும் சொத்தை அறுபது வயதில் ஓசையின்றிப் பரவும். ஈறு இறங்கியதால் வெளிப்பட்ட வேருக்கு எனாமல் கவசம் இல்லை. இரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் உட்கொள்ளும் சில மருந்துகள் உமிழ்நீரைக் குறைத்தால் அங்கே சொத்தை விரைவாக வரும்.

பல் விழுவதற்கு முதுமை காரணமன்று. ஈறு நோயும் சொத்தையும்தான் காரணம். சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு ஈறு நோய் தீவிரமாகும். வலி இல்லாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள்.

முழுப் பல் செட் போட்டுப் பத்தாண்டு ஆன என் தாயாருக்கு மேல் ஈறில் புதிதாக ஒரு பல் முளைக்கிறது. மூன்றாம் முறை பல் முளைப்பது நல்ல சகுனம் என்று உறவினர் வந்து பார்த்துப் போகிறார்கள். (வாசகி, கும்பகோணம்)

மனிதருக்கு மூன்றாம் வரிசை கிடையாது. இளமையிலேயே எலும்புக்குள் சிக்கி வெளிவராமல் போன கோரைப் பல்லாகவோ ஞானப்பல்லாகவோ, அல்லது பல் எடுத்தபோது தங்கிவிட்ட வேராகவோ அது இருக்கும். பற்களை இழந்த தாடை எலும்பு ஆண்டுதோறும் கரைந்து தாழ்வதாலும் பல் செட் அழுத்துவதாலும் உள்ளிருப்பது இப்போது தெரிய வருகிறது. எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்; சீழோ புண்ணோ இருந்தால் பல்லை அகற்றிவிட வேண்டும். எடுத்த இடம் ஆறியபின் பழைய செட் பொருந்தாது. பத்தாண்டில் எலும்பு தேய்ந்து அது ஏற்கெனவே தளர்ந்திருக்கும் என்பதால், உட்புறத்தைப் புதிதாக வார்த்துத் தரச் சொல்லுங்கள். அதுவும் பொருந்தாவிட்டால் புதுச் செட் செய்துகொள்ளலாம்.